விநாடியைக் கூறுபோட்டு விக்கிறாங்களாம் மாப்ள!

வேலைய விடப்போறேங்கிற. தாராளமா விடு மாப்ள. தடுக்க நான் யாரு? தாய்மாமன். காதுகுத்துக்கு மடி குடுத்ததோட என் உத்தியோகம் முடிஞ்சுபோச்சு. ஆனா உங்கம்மா ரெண்டு கிலோ இறால உன் கையில குடுத்து உரிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா. அது முடியற வரைக்கும் நீ எழுந்திரிக்க முடியாது, நானும் வாய மூடப் போறதில்ல.

மொதல்ல உன் திட்டத்த நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டனான்னு பாரு. ஓ.எம்.ஆர். ரோட்டுல கண்ணாடிக் கட்டடம், ஒண்ணாந்தேதியானா சம்பளம். அத விட்டுட்டு நீயா ஒரு புரோகிராம் எழுதுவ. அது பம்பாய் சந்தையில தானே வாங்கும், தானே விக்கும். நீ கிள்ளையில கயித்துக் கட்டில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போற டூரிஸ்ட் வேனுங்கள எண்ணிக்கிட்டு இருப்ப. அதுக்குப் பேரு ஆல்கோ. நீ சொன்னப்ப ஏதோ நெல்லுக்கு அடிக்கிற மருந்துன்னு நெனச்சேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஊக வணிகத்தப் பத்தி ஸ்ரீதர் வேம்பு சொன்னத வாட்ஸ்அப்புல எனக்கு அனுப்பி வெச்சதும் நீதான். 'சரியா சொல்றாரு மாமா'ன்னு கட்டைவிரல் வேற தூக்கிக் காட்டியிருந்த. அன்னைக்கு மத்தியானமே அதே கட்டைவிரலால ஆப்ஷன், அதான் விலை எந்தப் பக்கம் போகும்னு கட்டுற பந்தயம், வாங்கியிருக்க. உபதேசத்துக்கு ஒரு விரலு, வியாபாரத்துக்கு ஒரு விரலுன்னு வெச்சிருந்தாக்கூட ஒனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அந்த மனுசன் ஒண்ணும் பணத்தக் கண்ணால பாக்காத பரதேசி இல்ல. தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சு, அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம் வாங்கினவரு. 1996ல கூட இருந்தவங்களோட அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்ச கம்பெனி, 2009ல ஸோகோன்னு பேரு மாத்திக்கிச்சு. இன்னைக்கு உலகம் பூரா கோடிக்கணக்கான பேரு அவங்க மென்பொருள வெச்சுப் பொழைக்கிறாங்க. ஆனா இதுவரைக்கும் பங்குச்சந்தைப் பக்கமே கம்பெனியக் கொண்டுபோகல. தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில போய் உக்காந்துக்கிட்டு அங்கேருந்தே நடத்தினாரு. 2021ல பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில தலைமை நாற்காலியையும் விட்டுட்டு ஆராய்ச்சிப் பக்கம் போயிட்டாரு. அந்த வருசமே அவங்க 'அரட்டை' செயலி திடீர்னு எல்லார் போனுலயும் ஏறினப்ப, மூணு மாசத்துக்கு ஒரு தடவ லாபக்கணக்கு காட்டுற கம்பெனியா நாங்க இருந்திருந்தா இதச் செஞ்சிருக்கவே மாட்டோம்கிற மாதிரி சொன்னாரு.

அவரு ரொம்ப நாளா சொல்ற குறை, எனக்குப் புரிஞ்ச வரைக்கும், இதுதான்: சாமான் செய்யறதுக்குத் தோதா இருக்கணும்னு வந்த பணம், சாமான் செய்யறவன மறந்துட்டு பணத்தோட பணமா மோதி வெளையாடிக்கிட்டு கெடக்கு. சரிதான். ஆனா மாப்ள, ஒண்ணு கவனி. அவருக்குச் சொந்தப் படகு, சொந்த வலை. மீன ஏலத்துக்கே கொண்டுவராத ஆளு. அப்படிப்பட்டவரு ஏலக்காரனத் திட்டுறதுல பெருசா செலவு ஒண்ணுமில்ல. படகு கட்டவே காசில்லாம நிக்கிறவன் எங்க போவான்? ஏலத்துக்குத்தான் போவான். அதனால சந்தையே வேணாம்னு நான் சொல்லமாட்டேன். தலை நரைக்கிற வரைக்கும் முடசல்ஓடையில மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதினவன், சந்தைய வேணாம்னு சொன்னா சோறு செரிக்குமா?

ஏலம்னா என்னன்னு ஒனக்கு நான் சொல்லித்தான் ஆவணும். நீ அங்க வந்ததெல்லாம் செல்பி எடுக்கத்தான்.

கருக்கல்ல பைபர் போட்டு வந்து சேரும். கூடை கூடையா எறக்குவாங்க. மடவை, கொடுவா, சங்கரா, நண்டு, இறால் எல்லாம் தனித்தனிக் கூறு. ஏலக்காரரு கூறு முன்னாடி வந்து நின்னதும் சுத்தி வளையமா ஆளு கூடும். உள்வளையத்துல ஐஸ் பொட்டி வெச்சு கேரளாவுக்கு ஏத்துற பெரிய வியாபாரி, அவனுக்கு அடுத்து சிதம்பரம் மார்க்கெட்டுக்காரன், எல்லாருக்கும் பின்னாடி அலுமினிய அன்னக்கூடையோட நம்ம பொம்பளைங்க. அவங்களுக்கும் பின்னாடி, உப்பனாத்துல கழுத்தளவு தண்ணியில கையால தடவியே இறால் புடிச்சு, பறிய வாயில கவ்விக்கிட்டு வர்ற இருளர் குடும்பம் ஒண்ணு ரெண்டு. அவங்க கொண்டாறது அரைக் கிலோவோ முக்காக் கிலோவோ. ஏலக்காரரு 'ஐநூறு'ன்னு கத்தினா அந்த ஐநூறு ஐஸ் பொட்டிக்காரன் காதுலயும் விழும், கடைசியில நிக்கிற கிழவி காதுலயும் விழும். ஏலத்துக்கு இருக்கிற மானமே அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அழுக்குதான், நானே பாத்திருக்கேன். எடையில கையடிப்பான், தண்ணி தெளிப்பான், கூட்டுச் சேந்து விலையக் கீழ அமுக்குவான். ஆனா விலைய மட்டும் ஊரு கேக்கக் கத்தித்தான் ஆவணும்.

இப்ப அந்த ஏலக்காரரு, 'என் தோளுக்குப் பக்கத்துல நிக்கிற எடம் வாடகைக்கு விடப்படும்'னு ஒரு போர்டு மாட்டுறாருன்னு வெச்சுக்க. காசு குடுத்தவன் வந்து தோளோட தோளா நிப்பான். அவரு வாயத் தொறக்கறதுக்கு மூச்சு இழுக்கிறாரே, அந்த மூச்ச வெச்சே விலைய மோப்பம் புடிப்பான். அன்னக்கூடைக்காரி ஐநூத்திப் பத்துக்கு எடுக்கலாம்னு கை தூக்குறதுக்குள்ள, அவன் ஐநூத்தி அஞ்சுக்கு எடுத்து, அவகிட்டயே ஐநூத்திப் பத்துக்குத் தள்ளிடுவான். மீனு அவன் கூடையில விழுந்ததே இல்ல. ஒரு செதிலுகூட அவன் கையில ஒட்டியிருக்காது. அஞ்சு ரூவா மட்டும் மடியில.

நீ சிரிக்கிற. பம்பாயில தேசியப் பங்குச்சந்தை 2009, 2010 வாக்குல தொறந்து வெச்ச கடையே அதுதானப்பா. கோ-லொகேஷன்னு பேரு. சந்தையோட கம்ப்யூட்டரு இருக்கிற அதே கட்டடத்துல, புரோக்கரும் தன் கம்ப்யூட்டர வாடகை குடுத்து வெச்சுக்கலாம். சட்டப்படிதான். உலகத்துல பெரிய சந்தை எல்லாத்துலயும் உண்டு. தோளுக்குப் பக்கத்து எடம் எல்லாருக்கும் ஒரே வாடகைங்கிறது அவங்க நியாயம். அன்னக்கூடைக்காரிக்கும் அதே வாடகைதான், யாரு வேணாம்னா?

கூத்து என்னன்னா, வாடகை குடுத்தவனுக்குள்ளயே ஓரவஞ்சனைன்னு கேஸ் ஆச்சு. அப்ப அவங்க வெச்சிருந்த முறையில விலை எல்லாருக்கும் ஒண்ணாப் போகாது. வரிசையில ஒருத்தனுக்குச் சொல்லிட்டு, அப்பறம் அடுத்தவனுக்குச் சொல்லும். காலையில எவன் மொதல்ல லாகின் பண்றானோ அவன் காதுலதான் மொதல்ல. அது தெரிஞ்ச கெட்டிக்காரன் விடியக்காத்தால வந்து கதவுகிட்ட உக்காந்துக்கிட்டான். மாற்று ஏற்பாட்டுக்குன்னு வெச்சிருந்த, கூட்டமே இல்லாத சர்வருலயும் பூந்துட்டான்னு குத்தச்சாட்டு. 2015 ஜனவரியில பேரு சொல்லாத ஒருத்தரு, பங்குச்சந்தைங்கள மேற்பார்வை பாக்கிற செபிக்கு எழுதின கடுதாசியிலதான் விசயம் வெளிய வந்துச்சு. 2019 ஏப்ரல் 30ந் தேதி செபி, 624.89 கோடி ரூவாய வட்டியோட கட்டுன்னு சந்தைக்கே உத்தரவு போட்டுச்சு. 2023 ஜனவரியில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத ரத்து பண்ணிட்டு, கவனமா இல்லாம போனதுக்கு 100 கோடின்னு சொல்லிட்டுது. 2024 செப்டம்பர்ல, கூட்டுச்சதிக்குப் போதுமான சாட்சியமில்லன்னு செபியே கேஸ எறக்கி வெச்சுடுச்சு. முறையையும் எல்லாருக்கும் ஒரே சமயத்துல போற மாதிரி எப்பவோ மாத்திட்டாங்க. அத்தோட ஊரு மறந்துபோச்சு.

நடுவுல ஒரு கூத்து இருக்கு, அத விட மனசில்ல. சந்தையோட தலைமையில இருந்த சித்ரா ராமகிருஷ்ணா, இமயமலையில திரியற ஒரு யோகிக்கு சந்தையோட உள்விவகாரமெல்லாம் மெயில்ல அனுப்பி யோசனை கேட்டதா 2022 பிப்ரவரியில செபி உத்தரவுல எழுதி, 3 கோடி அபராதம் போட்டுச்சு. அந்த யோகிக்கு ஒரு எடம்னு கெடையாது, நெனச்ச எடத்துல தோணக்கூடியவருன்னு அந்தம்மா சொன்னதாவும் அதுலயே இருக்கு. இருக்கட்டும், சித்தருன்னா சிதம்பரத்துக்காரனுக்கு என்ன புதுசா? என் சந்தேகம் வேற. நெனச்ச எடத்துல தோணுற சித்தருக்கு எதுக்குய்யா மெயில் ஐடி? விநாடியப் பத்துலட்சமா வெட்டி வாடகைக்கு விடற கட்டடத்துல, உத்தரவு மட்டும் இமயமலைக்குப் போய்ட்டு வருது பாரு. கோ-லொகேஷன் எடம் அந்த யோகிக்கே குடுத்திருக்கலாம்.

சரி, ஒன் கட்டிலுக்கு வருவோம். கிள்ளையிலேருந்து பம்பாய் காக்கா பறக்கிற கணக்குல ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி ஒயருல வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் ஓட 5 மைக்ரோ விநாடி. பத்துலட்சம் மைக்ரோ விநாடி சேந்தா ஒரு விநாடி. எல்லாம் நீ படிச்சதுதான், நான் பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கிட்டேன். பம்பாயிலேருந்து ஒன் கட்டில் வரைக்கும் நூல் புடிச்ச மாதிரி ஒயர் இழுத்தாக்கூட, விலை வந்து சேர 5,500 மைக்ரோ விநாடி. ஒன் ஆர்டர் திரும்பிப் போக இன்னொரு 5,500. பாந்த்ராவுல அந்தக் கட்டடத்துக்குள்ள குந்திக்கிட்டிருக்கிற மெஷினு விரல் விட்டு எண்ணற மைக்ரோ விநாடியில வேலைய முடிச்சுட்டுப் போயிடும். ஒன் போனுல விலை பச்சையா மின்னும்போது அது ஐஸ்ல கெடந்த மீனு மாப்ள. செவுள் சிவப்பா இருக்கேன்னு நீ வாங்கிக்கிட்டு இருக்க. இதுல நம்மூரு டவரு வேற. காத்தடிச்சா ரெண்டு கோடு, மழை வந்தா அதுவும் கெடையாது.

வேகத்தால ஜெயிச்சவன் கதை ஒண்ணு சொல்றேன், ஒன்ன மாதிரி புரோகிராம் எழுதினவந்தான். தாமஸ் பீட்டர்ஃபி. 1944ல ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்டுல பொறந்து, 1965ல இங்கிலீசே தெரியாம நியூயார்க்குக்கு வந்து எறங்கினவன். ஒரு ஆபீசுல கம்ப்யூட்டர் வாங்கி வெச்சிருந்தாங்க, தொட ஆளில்ல, இவன் தொட்டான். 1987ல நாஸ்டாக் சந்தையோட டெர்மினல் ஒண்ண வாடகைக்கு எடுத்து, அது பின்னாடி போற ஒயர வெட்டி தன் கம்ப்யூட்டருல சொருகிட்டான். விலைய அதுவே படிக்கும், அதுவே ஆர்டர் போடும், ஆளே வேணாம். சந்தையிலேருந்து ஒரு ஆபீசரு பாக்க வந்தாரு. டெர்மினல் ஒண்ணு, மனுசன் ஒருத்தனக் காணோம். அவருக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. சட்டம் என்னன்னா ஆர்டர கீபோர்டுலதான் தட்டணும், ஒயர மாத்திச் சொருகுன்னாரு. வாரத்துக்குள்ள பீட்டர்ஃபியும் ஆளுங்களும் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஸ்கிரீனப் படிக்க முன்னாடி ஒரு கேமரா, கீபோர்டத் தட்ட ரப்பர் விரலு வெச்ச ஒரு மெஷினு. டகடகன்னு தட்டுது. ஆபீசரு திரும்பி வந்து பாத்தாரு. கீபோர்டுலதான் தட்டுது, சட்டம் மீறல. பேசாமப் போயிட்டாரு.

அந்த ஆளு கோடி கோடியா சம்பாரிச்சான், இன்டராக்டிவ் புரோக்கர்ஸ்னு பெரிய புரோக்கர் கம்பெனிக்கே மொதலாளி ஆனான். அப்பறம் 2010 அக்டோபர்ல பாரிசுல, உலகத்து சந்தைக்காரங்க எல்லாம் கூடின எடத்துல ஏறி நின்னுக்கிட்டு அவங்களையே வாங்கு வாங்குன்னு வாங்கினான். சந்தைங்கிறது ஊருக்குப் பொதுவான ஒரு சேவைன்னு இருந்தது போயி சூதாட்டக் கூடமா மாறிப்போச்சு, ஜனங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு, வேகத்துக்கு ஒரு கடிவாளம் போடுங்கன்னான். எனக்கு வேம்பு சொன்னதவிட இது ஒரு பிடி அதிகமா ருசிக்குது. ஏலத்துக்கே வராத ஆளு திட்டுறது ஒண்ணு. உள்வளையத்துல தோளோட தோளா நின்னு மடி ரொம்பினவன், 'இது சரியில்லய்யா'ங்கிறது வேற. மடியக் கொட்டிக் காட்டிட்டுச் சொன்னானான்னு கேக்காத. அதெல்லாம் எந்த ஊருலயும் நடக்கிறதில்ல.

அமெரிக்காவுல இன்னொருத்தரு, மார்க் கியூபன். மென்பொருள் வித்து முன்னுக்கு வந்தவரு. இந்த வேக வியாபாரிங்க முதலீட்டுக்காரனே இல்ல, சந்தைக்குள்ள பூந்த ஹேக்கருங்கன்னு பல வருசமா கத்திக்கிட்டு இருக்காரு. அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. 1999ல தன் கம்பெனிய யாஹூவுக்கு 570 கோடி டாலர் மதிப்புள்ள பங்குக்கு வித்துட்டு, அந்தப் பங்கு விழுந்தாலும் தனக்கு அடிபடாத மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கிட்டவரு. கொஞ்ச நாளுல யாஹூ தடால்னு விழுந்துச்சு, மனுசனுக்கு ஒரு கீறல் இல்ல. மூணு பேருமே மென்பொருள்காரங்க, கவனிச்சியா? விவசாயி எவனும் இதத் திட்டல. அவனுக்கு இது நடக்கறதே தெரியாது.

வேகத்துக்கு வக்காலத்து வாங்கறவனும் இருக்கான், அவன் பேச்சையும் கேக்கணும். அந்தக் காலத் தரகன் என்ன யோக்கியனா? தலால் தெருவுல கையக் காட்டிக் கத்தி வியாபாரம் நடந்தப்ப, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல லாரியே ஓட்டலாம். நம்ம மெட்ராஸ் பங்குச்சந்தையிலயும் அதே கதைதான். 1994ல தேசியப் பங்குச்சந்தை ஸ்கிரீனக் கொண்டாந்ததும் அந்த சந்து ஒடுங்கிப்போச்சு. கடைசியில 2015ல மெட்ராஸ் சந்தையே கடையக் கட்டிடுச்சு. மெஷினுங்க போட்டி போடறதால சின்ன ஆளுக்கும் பைசாக் கணக்குல நல்ல விலை கெடைக்குதுங்கிறான். உண்மைதான், மறுக்கல. ஆனா 2010 மே 6ந் தேதி அமெரிக்க சந்தை கொஞ்ச நிமிசத்துல ஆயிரம் புள்ளிகிட்ட விழுந்து எழுந்துச்சே, அன்னைக்கு அந்த மெஷினுங்கள்ல பல எங்க போச்சு? எப்பவும் வாங்க ஆளிருக்கும்னு சொன்னவன், நெசமாவே ஆளு வேணுங்கிற நேரத்துல பிளக்கப் புடுங்கிட்டான். ஏலத்துல அப்படி ஒருத்தன் கை தூக்கிட்டு கை எறக்கினான்னா மறுநாள் அவன வளையத்துலயே சேக்க மாட்டோம். அங்க என்னடான்னா கை தூக்கித் தூக்கி எறக்கறதுதான் பொழப்பே. போடற ஆர்டர்ல பெரும்பாலானத அவனே ரத்து பண்ணிடுறான்.

இப்ப கொஞ்சம் கணக்கு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், கணக்குப்புள்ள புத்தி போவாது. 2024 செப்டம்பர்ல செபி ஒரு ஆய்வ வெளியிட்டுச்சு. 2021-22லேருந்து மூணு நிதியாண்டுல, பியூச்சர் ஆப்ஷன்ல எறங்கின தனிநபருங்க ஒரு கோடிக்கு மேல. அதுல 93 சதவீதம் பேருக்கு நட்டம். நட்டப்பட்டவனுக்கு ஆளுக்கு சராசரியா 2 லட்சம் போச்சு. எல்லாஞ் சேத்து 1.8 லட்சம் கோடிக்கு மேல. போன காசு ஆவியாப் போகல மாப்ள, எங்கயோ போய்ச் சேந்துச்சு. அதே ஆய்வுல இருக்கு: 2023-24 ஒரே வருசத்துல சொந்தக் காசுல வியாபாரம் பண்ற புரோக்கர் கம்பெனிங்களுக்கு 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு 28,000 கோடி லாபம், செலவு கழிக்காம. அந்த வெளிநாட்டான் லாபத்துல 97 சதவீதமும், உள்ளூரு கம்பெனி லாபத்துல 96 சதவீதமும் சம்பாரிச்சுக் குடுத்தது ஒன் ஆல்கோ. ஒன்னோடது இல்ல, அவங்களோடது.

இன்னொரு வரி இருக்கு. அதுல ஆடினவங்கள்ல முக்காவாசிப் பேரு வருச வருமானம் 5 லட்சத்துக்குக் கீழன்னு சொன்னவங்க. 30 வயசுக்குக் கீழ உள்ளவங்க பங்கு ஒரே வருசத்துல 31 சதவீதத்துலேருந்து 43 ஆச்சு. ஒனக்கு வயசென்ன? இருபத்தெட்டா? ரொம்ப சந்தோசம், ஆய்வுல இடம் கெடச்சாச்சு. நட்டப்பட்டவங்கள்ல முக்காவாசிக்கு மேல தொடந்து ஆடினாங்களாம், அதுவும் போட்டிருக்கான். அதப் படிச்சப்ப ஏனோ ஒன் முகம் ஞாபகம் வந்துச்சு.

அதுலயும் இப்ப தேசியப் பங்குச்சந்தையில வாராந்திர ஆப்ஷன் காலாவதியாகிற நாள, அதான் எக்ஸ்பைரிய, 2025 செப்டம்பர்லேருந்து செவ்வாக்கிழமைக்கு மாத்திட்டாங்கன்னு நீதான சொன்ன? செவ்வாயோ வெறுவாயோன்னு நம்ம வீட்டுல நகம்கூட வெட்ட மாட்டாங்க. பாந்த்ராவுல யோகியக் கேட்டவங்க, இதுக்கு நம்ம ஊரு கிழவியக் கேட்டிருக்கலாம்.

ஜேன் ஸ்ட்ரீட் விசயத்த நீயே சொன்ன, ஆனா பாதியோட நிறுத்திட்ட. அமெரிக்கக் கம்பெனி. 2025 ஜூலை 3ந் தேதி செபி இடைக்கால உத்தரவு போட்டு 4,843 கோடியச் சொச்சம் முடக்கி வெச்சுது. 2024 ஜனவரி 17ந் தேதி ஒருநாள் கதைய உத்தரவுல விலாவாரியா எழுதியிருக்காங்க. காலையில பேங்க் பங்குங்கள மளமளன்னு வாங்கி விலைய ஏத்தினது, மத்தியானத்துக்கு மேல வித்து எறக்கினது, நடுவுல ஆப்ஷன்ல எதிர்ப்பக்கம் பெருசா நின்னது. பங்கு, பியூச்சர்ல 61 கோடி சொச்சம் நட்டம், ஆப்ஷன்ல 735 கோடிகிட்ட லாபம். கம்பெனி இதெல்லாம் இல்லன்னு மறுக்குது, மேல்முறையீடும் போயிருக்கு, அது அவங்க உரிமை. நம்ம வளையத்து பாஷையில சொன்னா, விடியக்காத்தால ரெண்டு கூடை வாவல வேணும்னே தலைக்கு மேல விலை குடுத்து எடுக்கிறது, 'வாவல் ஏறுதுடா'ன்னு ஊரு பூரா பந்தயம் கட்டுறப்ப எதிர்ப்பந்தயத்த வாங்கிக்கிறது, பத்து மணிக்கு அந்த வாவலக் கொட்டி விலையச் சாய்க்கிறது. வாவல்ல போனது ரெண்டு கூடை நட்டம், பந்தயத்துல வந்ததுதான் லாபம். நம்ம கரையில ஒருத்தன் இப்படிச் செஞ்சா பஞ்சாயத்துல உக்கார வெச்சு மரியாதையாக் கேப்போம். அங்க கேக்கவே வருசக்கணக்கு ஆவும், பதில் சொல்ல பத்து வக்கீல் வருவான்.

அப்ப என்னதான் வழிங்கிற. ஒரு கூட்டம் ஒரு வழி செஞ்சுது, அமெரிக்காவுல ஐ.இ.எக்ஸ்.னு பேரு, 2016ல முறையான சந்தையா அங்கீகாரம் கெடச்சுது. அவங்க பண்ணினது கேட்டா சிரிப்ப. 61 கிலோமீட்டர் கண்ணாடி ஒயர வாங்கி, சுருட்டிச் சுருட்டி ஒரு பொட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. நம்ம சிதம்பரத்துலேருந்து புதுச்சேரி போற தூரம் கிட்டத்தட்ட. எந்த ஆர்டர் வந்தாலும் அந்தச் சுருளு பூரா சுத்திட்டுத்தான் உள்ள வரணும். தாமதம் மொத்தமே 350 மைக்ரோ விநாடி. கண் இமைக்கிற நேரத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. அவ்ளோதான், தோளுக்குப் பக்கத்துல நின்னவன் வெலவெலத்துப் போயிட்டான். பக்கத்துல நின்னாலும் சுத்தித்தான் வரணும்னா எவன் வாடகை குடுப்பான்? மத்த சந்தைங்க அத வரவிடக் கூடாதுன்னு மல்லுக்கு நின்னுதுங்க, ஏன்னு ஒனக்கே தெரியும். வாடகை யாருக்கு வருது?

நான் சொல்ல வந்ததே அதான். வேகமா ஓடறவன எல்லாரும் திட்டுறாங்க. எனக்கு அவன்மேல அவ்ளோ கோவமில்ல, எவனும் முன்னாடி நிக்கத்தான் பாப்பான். எம் பார்வை ஏலக்காரன் மேல. ஊரு கேக்கக் கத்தவேண்டியவன், தன் தோளு ஓரத்த வாடகைக்கு விட்டுட்டு, 'எல்லாருக்கும் ஒரே ஏலம்'ங்கிறான் பாரு. வேம்புவும் பீட்டர்ஃபியும் கியூபனும் சேந்து திட்டினாலும் அந்த வாடகை ரசீதப் புடிச்சுக் கேக்காத வரைக்கும் ஒண்ணும் அசையாது.

நீ இதெல்லாம் தாண்டி ஜெயிப்பேங்கிற. ஜெயி. செபி 2025ல தனிநபர் ஆல்கோவுக்கும் விதி கொண்டாந்திருக்கு, விநாடிக்கு 10 ஆர்டருக்கு மேல போறதா இருந்தா சந்தையில பதிவு பண்ணணுமாம். நீ விநாடிக்கு 9 போடு, யாரும் கேக்கமாட்டான். அந்த 9 கெளம்பறதுக்குள்ள பாந்த்ராவுல உள்ளவன் டீ குடிச்சுட்டு வந்துடுவான்.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? இறால் தலைய கவனமாக் கிள்ளு, விரல்ல குத்தும்.

கேளு, ஒன் புரோகிராமுக்கு நான் ஒரு வேலை வெச்சிருக்கேன். கரையில ஏலக்கணக்கு இன்னும் நோட்டுலதான் ஓடுது. எந்தப் போட்டுக்கு எவ்ளோ முன்பணம், எந்த அன்னக்கூடைக்காரி எத்தினி நாளா பாக்கி, தரகு எவ்ளோ, ஐஸ் எவ்ளோ. மழைக்கு நோட்டு நனைஞ்சா பாக்கி மறைஞ்சுபோவுது, அடுத்த நாள் ரெண்டு பேரு மண்டை ஒடையுது. பொம்பளைங்களுக்கு நாம எழுதினது சரியா தப்பான்னு பாக்கவே வழியில்ல, எழுதினவன் சொன்னதுதான் கணக்கு. நானும் எழுதினவன்தான், அதனால சொல்றேன். எல்லார் போனுலயும் அவங்கவங்க கணக்கு தமிழ்ல தெரியற மாதிரி, டவரு இல்லாத நேரத்துலயும் ஓடற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. சனி ஞாயிறுல எழுது, வேலைய விடவேண்டாம். அன்னன்னைக்கு என்ன விலைக்குப் போச்சுன்னு பறி கொண்டாற இருளர் வீட்டுக்கும் போவணும், அத முக்கியமா வெச்சுக்க. இப்ப அவங்களுக்குத்தான் கடைசியில தெரியுது.

காசு உண்டு. சும்மா கேக்கல, கமிட்டியில பேசிட்டேன். எவ்ளோன்னு நான் சொல்லமாட்டேன். ஏலத்துல மொதல்ல வாயத் தொறக்கறவன்தான் ஏமாறுவான்னு ஒனக்கு நான் எதுக்குச் சொல்லித்தரணும்? நீதான் சந்தை ஆளாச்சே. சொல்லு மாப்ள, எவ்ளோ கேக்குற?